இடது கையில் ஒரு நீல ரப்பர்பேண்ட்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாற்காலியை முழங்காலால் பின்னுக்குத் தள்ளி, நின்றபடியே தட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டோ மூன்றோ வரிகள். சேமித்த கையோடு திரையைப் பார்ப்பதில்லை. திரும்பி, சுவர் முழுக்கப் பதித்த கண்ணாடி வழியாகக் கீழே ஓடும் பெல்ட்டைப் பார்க்கிறார். மூன்றாம் சறுக்கில் விழுந்து குவிந்துகொண்டிருந்த பார்சல்கள், யாரோ காதைப் பிடித்துத் திருப்பியதுபோல நாலாம் சறுக்குக்குத் திரும்புகின்றன. கீழே நிற்கும் ஆள் நிமிர்ந்து கையை ஆட்டுகிறார். இவர் வலது மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பர்பேண்டை உருவி இடது மணிக்கட்டில் போட்டுக்கொள்கிறார். அப்புறம்தான் உட்காருகிறார்.

"ஓடுற வண்டில கை வைக்கறப்ப உக்காரக் கூடாது. அது மரியாதை இல்ல" என்பது அவர் கட்சி.

கூடத்தில் எல்லோருக்கும் அவர் ரப்பர் அக்கா. வலது கையில் இருப்பவை சும்மா இருப்பு. ஒரு தற்காலிக மாற்றம் செய்தால் ஒரு பேண்ட் இடது கைக்குப் போகும். அந்த மாற்றத்தை எடுத்ததும் அது திரும்பி வரும். இடது கை வெறுங்கையாகாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். பேண்டுகளுக்குப் பஞ்சமில்லை. பிரிந்துபோன பார்சல்களிலிருந்து தினம் நாலைந்து தரையில் கிடைக்கும். "கல்யாண நாளுக்கு வளையல் வாங்கிக் குடுத்தேன், பீரோவுல தூங்குது. குப்பைல பொறுக்குனதை மட்டும் கை நிறையப் போட்டுக்குவா" என்று அவர் கணவர் யாரைப் பார்த்தாலும் குறைபட்டுக்கொள்வார்.

அவர் உட்கார்ந்திருக்கும் அறை, பார்சல் பிரிக்கும் கூடத்துக்கு மேலே, இரும்புப் படிகளின் முடிவில் இருக்கிறது. கீழே நீளமாக ஒரு பெல்ட். அதன் இரண்டு பக்கமும் குழந்தைகள் விளையாடும் சறுக்குமரம் போன்ற சறுக்குகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஆள் நின்று, விழுவதைத் தூக்கி, தெருவாரியாக நிறுத்திய கூண்டு வண்டிகளில் அடுக்க வேண்டும். முதல் இரண்டு சறுக்குகளுக்கு மட்டும் தூக்கும் இயந்திரம் உண்டு. மற்றவர்களுக்குத் தோள்தான்.

பெல்ட்டின் மோட்டார், எடைக்கருவி, பார்சலைத் தள்ளிவிடும் தகடு எல்லாவற்றையும் ஓட்டுவது ஜாவாவில் எழுதிய நிரல். அதில் கை வைப்பதென்றால் முழுவதையும் கம்பைல் செய்து, அதாவது பிழை பார்த்து இயந்திர மொழிக்கு மாற்றி, சோதித்து, மேலே கையெழுத்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெல்ட்டை நிறுத்தி ஏற்ற வேண்டும். ஆனால் கூடத்துத் தேவைகள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. மழை பெய்தால் ஒரு தெருவுக்கு வண்டி போகாது. நாலாம் ஆள் சாப்பிடப் போவார். ஒரே கடைக்கு ஐம்பது பெட்டி ஒன்றாக வந்து இறங்கும். இந்தச் சில்லறை விதிகளுக்காகத்தான் அக்கா எழுதும் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல். பெல்ட் ஓடும்போதே திறக்கலாம், திருத்தலாம், மூடலாம். ஒவ்வொரு பார்சல் வரும்போதும் ஜாவா கேட்கும், இது எங்கே என்று. ஸ்கிரிப்ட் ஒரு சறுக்கின் எண்ணைச் சொல்லும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

"அது வீடு. நான் பண்றது சோபாவை நகத்தற வேலை. சோபாவை நகத்தக் கொத்தனாரையா கூப்பிடுவீங்க?" என்பார் அக்கா.

கொத்தனார் வேறு யாருமில்லை, அவருடைய கொழுந்தன். ஜாவா முழுக்க அவர் பொறுப்பு. ஒரே வீடு, ஒரே கார், ஒரே அலுவலகம். அலுவலகத்தில் 'அண்ணி' என்று கூப்பிடுவதில்லை என்று ஒருமுறை தீர்மானம் செய்துகொண்டு வந்தவர், மத்தியானத்துக்குள் தோற்றுப்போனார். கைக்குட்டையைக்கூட இஸ்திரி போட்டு மடிக்கும் மனிதர். குளிர்சாதனப் பெட்டி வாங்குவதற்கு முன்னால் வாசல், மாடிப்படி, சமையலறைக் கதவு மூன்றையும் அளந்து வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார். அக்கா வாங்கி வந்த சலவை இயந்திரம் இன்னும் வீட்டு முன்னறையில், குளியலறைக் கதவுக்குள் நுழையாமல் வெளியே நின்று துவைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன ஆகும்?

"நிரல்ல எது எண், எது எழுத்துன்னு முதல்லயே சொல்லிடணும் அண்ணி. சொல்லாததை உள்ளயே விடக் கூடாது. கம்பைலர் அதைத்தானே பாக்குது?"

"எங்க பக்கம் யாரையும் வாசல்ல நிறுத்தி, நீ யாரு, அட்டை எங்கனு கேக்க மாட்டோம் தம்பி. வந்தவங்க உள்ள வரலாம். எதுவா வந்தாலும் நாங்க சமாளிச்சுக்குவோம்."

"யாருன்னு தெரியாம உள்ள விட்டா, ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் வீட்டையே காலி பண்ணிட்டுப் போவான்."

இந்த இடம் வந்ததும் அக்காவின் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். "ரெண்டு கம்ப்யூட்டரு சண்டை போட்டா நடுவுல மனுஷன் எங்க உக்காந்து சாப்பிடறது?" என்று அங்கிருந்து குரல் மட்டும் வரும்.

இடது கை வெறுங்கையாகாமல் அக்கா வீட்டுக்குப் போக மாட்டார் என்று சொன்னேன். அதில் ஒரு விதிவிலக்கு இருந்தது. மற்றதெல்லாம் மண் நிறம். ஒன்று மட்டும் நீலம். அது மாதக்கணக்கில் இடது கையிலேயே கிடந்தது. குளிக்கும்போதும் இறங்கவில்லை.

ஆறாம் சறுக்கில் நிற்பவரை விசில் என்று கூப்பிடுவார்கள். எந்தப் பாட்டையும் முழுதாக முடிக்காமல், முதல் அடியையே திரும்பத் திரும்ப விசிலடித்துக்கொண்டு வேலை செய்வார். பெல்ட் இரைச்சலையும் மீறி அது மேலே கேட்கும். சைக்கிளிலிருந்து விழுந்து வலது தோள் பிசகிப்போனது. எட்டுக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். இருபத்தைந்து தூக்க முடியாதவருக்குச் சறுக்கில் இடமில்லை என்பது கூடத்துச் சட்டம். வீட்டிலோ அவர் ஒருவர் சம்பாத்தியம். இரும்புப் படியேறி வந்து, கதவைத் திறக்காமல் வெளியே நின்றுகொண்டே பேசினார்.

"ஒரு மாசம்தான் அக்கா. அதுக்குள்ள சரியாயிடும்."

அக்கா நாற்காலியை முழங்காலால் தள்ளினார். ஆறாம் சறுக்குக்குப் போக வேண்டிய பார்சல் எட்டுக் கிலோவைத் தாண்டினால் இரண்டாம் சறுக்குக்கு அனுப்பு. அங்கே இயந்திரம் தூக்கும், அங்கிருந்து தள்ளுவண்டியில் ஆறாம் கூண்டுக்கு வந்து சேரும். கொஞ்சம் சுற்றுவழி, அவ்வளவுதான். பேண்டுகளில் வித்தியாசமாகக் கிடந்த நீலத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

மாதம் போயிற்று. தோள் சரியாகவில்லை. கீழே நிற்கும் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். தள்ளுவண்டியை யாராவது ஒருவர் வாய் திறக்காமல் தள்ளிக்கொண்டு போவார்கள். தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கூடத்து மேலாளர். இன்னொருவர் கொழுந்தன். கொழுந்தனிடம் மறைத்ததற்குக் காரணம் உண்டு. அவருக்குப் பொய் சொல்ல வராது. மேலாளர் நேருக்கு நேர் கேட்டால் உள்ளதை உள்ளபடி ஒப்பித்துவிடுவார். நல்ல மனிதர்களோடு குடித்தனம் நடத்துவதில் இது ஒரு தொந்தரவு.

புது எடைக்கருவி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள், சாப்பிடும்போது கொழுந்தன் சொன்னார்: "இனிமே எடை எழுத்தாத்தான் வரும் அண்ணி. பழசு மாதிரி எண்ணா தராது. என் பக்கம் எல்லாத்தையும் மாத்திட்டேன். உங்க பக்கம் ஒருதரம் பாத்துடுங்க."

"எங்களுக்கு எதுவா வந்தாலும் சரிதான் தம்பி" என்றார் அக்கா, ரசம் ஊற்றிக்கொண்டே. அக்காவின் கணவர் சிரித்தார். அக்காவும் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை. அக்கா வெந்நீரைக் குடித்துக்கொண்டு திரையில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. மின்விசிறியைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. விசில் சத்தம் இல்லை.

எழுந்து கண்ணாடியருகே போனார். ஆறாம் சறுக்கில் விசில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்து, இடது பக்கமாகச் சாய்ந்து, கூண்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தார். வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொன்று விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அக்கா திரைக்கு ஓடினார். அங்கே ஒரு புகாரும் இல்லை. சிவப்பு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. விதி இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. ஸ்கிரிப்ட் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கினார்.

"என்னங்க இது? ஏன் தூக்கறீங்க? சொல்ல வேணாமா?"

விசில் நெற்றியை முழங்கையால் துடைத்தார். முகம் வெளுத்திருந்தது. "நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு நெனைச்சேன் அக்கா. மேல யாருக்காவது தெரிஞ்சிருக்கும், உங்களுக்கும் சிக்கல் வந்திருக்கும். சரி, எவ்வளவு நாளைக்குத்தான் நீங்களும்..."

அவர் முடிப்பதற்குள் பெல்ட்டின் மேல் இன்னொரு பெட்டி வந்துகொண்டிருந்தது. கூடத்தின் நீளத்துக்கும் ஒரு சிவப்புக் கயிறு ஓடுகிறது. அதை இழுத்தால் பெல்ட் நிற்கும். நின்றால், யார் இழுத்தார்கள், ஏன் இழுத்தார்கள் என்று மேலாளருக்கு எழுத்தில் விளக்கம் போக வேண்டும். தன் வேலையால் பெல்ட் ஒருதரம்கூட நின்றதில்லை என்பது அக்காவின் பெருமை. எட்டிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெரிய கூடம் சட்டென்று அமைதியாயிற்று.

கொழுந்தன் மூச்சிரைக்க மேலே வந்தபோது அக்கா திரையில் அந்த வரியைத் திறந்து வைத்திருந்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. எட்டு என்ற வரம்பை அக்கா தனியாக ஒரு சின்னக் கோப்பில் வைத்திருந்தார். அங்கிருந்து அது எழுத்தாகத்தான் வரும். பழைய கருவி எடையை எண்ணாகக் கொடுத்தது. ஒன்று எண், மற்றது எழுத்து என்றால், ஸ்கிரிப்ட் தானே சமாளித்து இரண்டையும் எண்ணாகப் பார்த்துக்கொள்ளும். இப்போது இரண்டுமே எழுத்து. எழுத்தும் எழுத்தும் என்றால் அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்தைத்தான் பார்க்கும். பன்னிரண்டில் முதலில் நிற்பது ஒன்று என்ற இலக்கம். ஒன்று எட்டுக்கு முந்தியது. ஆகவே பன்னிரண்டு கிலோ எட்டுக் கிலோவைவிட லேசு. இருபத்தைந்தும் லேசு. நாற்பதும் லேசு. கூடத்துக் கனமெல்லாம் நேராக விசிலின் தோளுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

"எடை எண்ணு இல்ல, எழுத்துன்னு நான் மாத்தினதும் எங்கெங்க இடிக்குதுன்னு கம்பைலர் வரிசையாக் காட்டிச்சு அண்ணி. ஒண்ணு விடாம சரி பண்ணேன். ஆனா உங்க வாசல் வரைக்கும்தான் அதுக்குக் கண்ணு. உள்ள எட்டிப் பாக்காது. நானாவது பாத்திருக்கணும்."

"நீங்க சொன்னீங்க தம்பி. நான்தான் வாய் கிழியப் பேசினேன்." அக்கா நின்றபடியே இரண்டு பக்கத்தையும் எண்ணாக்கினார். அரை வரி வேலை. கீழே பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் உட்காரவில்லை.

"ஆமா, இந்த எட்டு எதுக்கு?" என்றார் கொழுந்தன்.

அக்கா நீலப் பேண்டைத் திருகினார். கீழே ஆறாம் சறுக்கைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். "மேலாளருக்கு இது எழுத்துல போனா விசிலோட வேலை போயிடும் தம்பி. பெல்ட் வழுக்கிச்சுன்னு எழுதிடலாமா?"

"வழுக்கலையே அண்ணி."

விளக்கத்தை நானே எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொழுந்தன் போனார். அன்று வீட்டில் மேசையில் சத்தமே இல்லை. அக்காவின் கணவர் தட்டோடு பால்கனிக்குப் போகத் தேவைப்படவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. "யாராவது சண்டை போடுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தார்.

மறுநாள் மேலாளரிடம் போன விளக்கம் இரண்டு வாக்கியம். எடை எண்ணாக வராமல் எழுத்தாக வந்ததால் கனமான பார்சல்கள் தவறான சறுக்குக்குப் போயின. தவறு என்னுடையது. கீழே கொழுந்தனின் கையெழுத்து. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒரு சொல்கூட விசிலைப் பற்றி இல்லை. அக்கா அதைப் படித்துவிட்டு வெந்நீர்க் குவளையோடு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரிடம் போய் மாதக்கணக்கில் மறைத்தோமே என்று இருந்தது.

கொழுந்தன் அதோடு நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்க அளக்கும் டேப்போடு கூடத்தில் அலைந்தார். தூக்கும் இயந்திரம் பாதி நேரம் சும்மா நிற்கிறது என்று கண்டுபிடித்தார். ஒவ்வொரு சறுக்குக்கும் ஒரு எடை வரம்பு இருக்க வேண்டும், அது எண்ணாகத்தான் இருக்க வேண்டும், வரம்பு சொல்லாத சறுக்கை ஜாவா ஏற்கவே கூடாது என்று எழுதினார். சும்மா நிற்கும் இயந்திரத்தைக் காட்டியதும் மேலாளர் தலையாட்டிவிட்டார். பிறகு கொழுந்தன் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, உங்களால் எவ்வளவு முடியும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எட்டு, பதினைந்து, பத்து, இருபது. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு இடுப்பு. அந்தக் கும்பலில் விசிலின் எட்டு தனியாகத் தெரியவே இல்லை. இருபத்தைந்து என்ற பழைய சட்டத்தை மேலாளர் தானாகவே அடித்துவிட்டார். ஏழாம் சறுக்கின் மீசைக்காரர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முப்பத்தைந்து என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புதிய ஜாவா ஏறியது. திங்கட்கிழமை அக்கா வந்ததும் முதல் வேலையாகத் தன் வரியை அழித்தார். கொழுந்தன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கனமான ஒரு பெட்டி ஆறாம் சறுக்கைக் கண்டுகொள்ளாமல் கடந்து, இரண்டாம் சறுக்கில் போய் விழுந்தது. கீழே முதல் அடி விசில் கேட்டது. அது முடிவதற்குள் மறுபடி முதல் அடி. அக்கா நீலப் பேண்டை உருவி மேசையில் வைத்தார். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு வளையம் பதிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டார்.

"பாத்தீங்களா அண்ணி? இப்ப இது சட்டம். யாரும் மறந்துபோக முடியாது, தப்பா எழுதினா உள்ளயே வராது" என்றார் கொழுந்தன். அவர் இவ்வளவு சிரித்து அந்த அறை பார்த்ததில்லை.

கதவில் ஒரு தலை தெரிந்தது. மீசைக்காரர். உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"தம்பி, அந்த முப்பத்தஞ்சு... அதைக் கொஞ்சம் பன்னெண்டு ஆக்கிடலாமா? குடலிறக்கம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அன்னிக்கு எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க, வாய் தவறி வந்துடுச்சு."

கொழுந்தன் திரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "கம்பைல் ஆச்சே..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"எண்ணுதானான்னு பாக்கும் தம்பி. மீசையைப் பாக்குமா?" என்றார் அக்கா.

"மறுபடி ஏத்தணும்னா அடுத்த ஞாயிறு ஆயிடும்" என்றார் கொழுந்தன். கீழே ஏழாம் சறுக்குக்குப் பெரிய மூட்டை ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. "அண்ணி... அதுவரைக்கும் மட்டும்... ஒரே ஒரு வரி..."

அவர் முடிப்பதற்குள் நாற்காலி பின்னுக்குப் போயிருந்தது. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. தட்டி முடித்து, சேமித்து, திரும்பிக் கீழே பார்த்தார். மூட்டை ஏழாம் சறுக்கைத் தாண்டிப் போயிற்று. மேசையில் கிடந்த நீலப் பேண்டை எடுத்தார். தன் கையில் போட்டுக்கொள்ளவில்லை. கொழுந்தனின் இடது கையைப் பிடித்து இழுத்து, இஸ்திரி போட்ட சட்டைக் கையை மேலே தள்ளி, கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டிவிட்டார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.